கார்பன் வரி ஏன் தோற்றுப்போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் தொழிற்பேட்டை, ராயக்கோட்டை தக்காளி மண்டி, தருமபுரி பட்டுக்கூடு அங்காடி என்று எங்கே பேச்சு எழுந்தாலும் கார்பன் வரி பற்றி வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். இந்தப் பெயரில் இந்தியாவில் இன்று ஒரு வரி இல்லை. ஆனாலும் கேள்விகள் ஓயவில்லை, அதற்குக் காரணமும் உண்டு.

1. கார்பன் வரின்னா என்னங்க? புகை விடுற வண்டிய நிறுத்தி வசூல் பண்ணுவாங்களா?

நிலக்கரி, டீசல் போன்றவற்றை எரித்தால் வெளியேறும் கரியமில வாயுவின் அளவை வைத்துப் போடும் வரி. புகையை யாரும் அளக்க வேண்டியதில்லை. ஒரு எரிபொருளை எரித்தால் எவ்வளவு கரியமில வாயு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த கணக்கு. ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.68 கிலோ. பெட்ரோலுக்கு 2.3 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோ. அதனால் சுரங்கம், துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை ஆகிய மூன்று வாசல்களிலேயே டன்னுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடலாம். பிறகு அது விலையோடு சேர்ந்து நம் ஊர் பங்க் வரை வந்து சேரும்.

முதலில் கொண்டுவந்த நாடு பின்லாந்து, 1990-ல். அடுத்த ஆண்டே ஸ்வீடனும் நார்வேயும் பின்தொடர்ந்தன.

2. போட்டா நம்ம ஊர்ல எது எவ்வளவு ஏறும்? சும்மா பயமுறுத்தாம கணக்கா சொல்லுங்க.

ஒரு டன் கரியமில வாயுவுக்கு 1,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டருக்கு 2.68 ரூபாய் ஏறும், பெட்ரோல் 2.30, சிலிண்டர் 42 ரூபாய். ராயக்கோட்டையிலிருந்து கோயம்பேடு சுமார் 280 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் லாரிக்கு 70 லிட்டர் டீசல் ஆகும். கூடுதல் செலவு 188 ரூபாய். லாரியில் 10 டன் தக்காளி இருந்தால் கிலோவுக்கு 2 பைசாகூட வராது. மண்டியில் ஒரே காலையில் விலை எத்தனை ரூபாய் ஏறி இறங்குகிறது என்பது கேட்பவர்களுக்கே தெரியும். அதற்காக வாடகையை 2 பைசாதான் ஏற்றுவார்கள் என்று சொல்ல வரவில்லை. "வரி போட்டுட்டாங்க" என்ற ஒரு சொல் கிடைத்தால் 20 பைசா ஏற்ற அது போதும்.

உண்மையான அடி கரண்ட்டில் விழும். நிலக்கரியில் எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வருகிறது. காற்றாலை, சூரிய ஒளி, நீர், அணு எல்லாம் கலந்து நம் கம்பியில் வரும் யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோ போல. ஆக யூனிட்டுக்கு 70 பைசா. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு, முழுவதும் நுகர்வோர் தலையில் விழுந்தால், 140 ரூபாய். மாதம் 50,000 யூனிட் இழுக்கும் ஒரு கிரானைட் பட்டறைக்கு 35,000 ரூபாய்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வரி குறிவைப்பது நிலக்கரியை. ஜனங்கள் கண்ணில் படுவதோ பங்க் போர்டில் இருக்கும் டீசல் விலை. திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

3. டீசல்ல ஏற்கெனவே வரி மேல வரி. இன்னொண்ணு எதுக்கு?

நியாயமான கேள்வி. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு டீசல் மீதான மத்திய கலால் லிட்டருக்கு 15.80 ரூபாய் ஆனது. அதை 2.68-ஆல் வகுத்தால் டன்னுக்குச் சுமார் 5,900 ரூபாய் வருகிறது. மாநிலத்தின் வாட் தனி. பெயர் வேறாக இருந்தாலும் டீசலில் கார்பன் வரிக்கும் மேலாகவே வசூலாகிக்கொண்டிருக்கிறது.

குறை நிலக்கரிப் பக்கம்தான். ஒரு டன் கரியமில வாயுவை எந்த எரிபொருளில் விட்டாலும் கெடுதல் ஒன்றே. வரி மட்டும் டீசலுக்கு மலை, நிலக்கரிக்கு மடு. ஒழுங்காக எழுதப்படும் கார்பன் வரி இதைச் சமப்படுத்த வேண்டும். டீசலின் பழைய வரியைத் தொடாமல் மேலே இன்னொன்றைக் குந்தவைக்கும் திட்டத்தை லாரிக்காரர்கள் எதிர்ப்பதில் தப்பில்லை.

4. நிலக்கரிக்கு செஸ் இருந்துச்சே, அது கார்பன் வரி இல்லையா?

கிட்டத்தட்ட அதுதான். செஸ் என்பது ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் வரி. 2010 ஜூலையில் டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் என்று தொடங்கி, 2014-ல் 100, 2015-ல் 200, 2016-ல் 400 ஆனது. பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. மின்கட்டணத்துக்குள் கரைந்து போனதால் யார் கண்ணிலும் படவில்லை. அரசியல் கணக்கில் பார்த்தால் உலகிலேயே சத்தமில்லாமல் ஏறிய கார்பன் விலைகளில் இதுவும் ஒன்று.

சத்தமில்லாமல் ஏறியது, சத்தமில்லாமல் திசையும் மாறியது. 2010-11 முதல் 2017-18 வரை சுமார் 86,000 கோடி ரூபாய் வசூலானது. அதில் தூய எரிசக்தி நிதிக்குப் போனது 29,600 கோடி போல. செலவானது 16,000 கோடிக்கும் குறைவு. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாக உருமாறியது. 2025 செப்டம்பரில் அந்த 400 ரூபாய் நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது.

இந்த மாற்றத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். டன் 1,000 ரூபாய் விற்கும் மட்டமான நிலக்கரிக்கு முன்பு வரி 50 + 400 = 450; இப்போது 180. டன் 5,000 விற்கும் தரமான நிலக்கரிக்கு முன்பு 650, இப்போது 900. டன்னுக்கு ஏறத்தாழ 3,077 ரூபாய்க்குக் கீழே விற்கும் எதற்கும் வரி குறைந்திருக்கிறது. விலையில் சதவீதம் என்று போட்டால் சாம்பல் அதிகமுள்ள கரிக்குச் சலுகை கிடைக்கிறது. எடையையோ கரியின் அளவையோ வைத்துப் போட்டால் இப்படி ஆகாது.

5. பொருளாதாரம் படிச்சவங்க எல்லாம் நல்லதுன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் தோக்குது?

தோற்கும் இடம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. அமெரிக்காவில் 1993-ல் கிளிண்டன் அரசு கொண்டுவந்த எரிசக்தி வரி கீழவையில் தப்பி செனட்டில் செத்தது. மிஞ்சியது பெட்ரோலுக்குக் கேலனுக்கு 4.3 சென்ட். பிரான்சில் ஒருமுறை நீதி அமைப்பிடமும் இன்னொருமுறை தெருவிலும் தோற்றது. ஸ்விட்சர்லாந்தில் 2021 ஜூன் 13 அன்று பொதுவாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் சட்டமாகி நடைமுறைக்கும் வந்த பிறகு விழுந்தது.

பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். செலவு தினமும் தெரிகிறது, பலன் தெரிவதில்லை. அதோடு, வசூலாகும் பணம் யாருக்கு என்பதை முதலில் தீர்க்காமல் வரி விகிதத்தை முதலில் அறிவிக்கிறார்கள். அறிவிப்புக்கும் விளக்கத்துக்கும் நடுவே ஆறு மாதம் இருந்தால், அந்த ஆறு மாதமும் எதிர்த்தரப்பு பேசும்.

6. வசூல் பண்ண காசை ஜனங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டா யார் எதிர்ப்பாங்க?

கனடா அதைத்தான் செய்தது. 2019-ல் டன்னுக்கு 20 கனடிய டாலரில் தொடங்கி 2024-ல் 80 ஆக்கியது. எரிபொருள் கட்டணத்தில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பியது. குறைந்த வருமானக் குடும்பங்களில் பெரும்பாலானவை எரிபொருளில் நேராகக் கட்டியதைவிட அதிகம் பெற்றன. அப்படியும் 2025 மார்ச்சில் பிரதமர் மார்க் கார்னி பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டு, ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் கட்டணத்தைச் சுழியமாக்கினார். பெரிய ஆலைகள் மீதான கார்பன் விலை மட்டும் நீடித்தது.

ஏன்? கட்டுவது வாரம் ஒருமுறை பெட்ரோல் பங்க்கில். கிடைப்பது முதலில் வருமான வரிக் கணக்குக்குள் ஒளிந்து வந்தது. 2022 ஜூலையிலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக்கு வந்தது. வந்தபோதும் பெயர் புரியவில்லை. 2024-ல் பெயர் மாற்றினார்கள், காலம் கடந்துவிட்டது. ஸ்விட்சர்லாந்தில் எரிபொருள் கார்பன் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வருகிறது, ஆனால் குடும்பங்களின் பங்கு மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் கழிவாக. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நம் பக்கத்தில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழுந்தால் அன்று மாலையே தெரு முழுக்கத் தெரிகிறது. ஒரே தேதி, ஒரே தொகை, ஒரே பெயர். கார்பன் வரியைத் திருப்பித் தருவதாக இருந்தால் இந்த அளவுக்குக் கண்ணில் பட வேண்டும், அதுவும் வரி தொடங்கும் மாதத்துக்கு முந்தைய மாதமே முதல் தவணை வந்துவிட வேண்டும்.

7. விவசாயிக்கு, ஏழைக்கு, சின்ன பட்டறைக்கு விலக்கு குடுத்தா பிரச்சினை தீந்துச்சு இல்ல?

விலக்குதான் பல திட்டங்களின் சாவுக்குக் காரணம். பிரான்சில் அதிபர் சர்க்கோசியின் அரசு டன்னுக்கு 17 யூரோ வரியை 2010 ஜனவரி 1 முதல் அமல்படுத்த இருந்தது. மூன்று நாள் முன்பு, 2009 டிசம்பர் 29 அன்று, அரசியலமைப்புக் கவுன்சில் அதை ரத்து செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய ஆலைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் வாங்குவது, வரிச்சுமையில் எல்லோரும் சமம் என்ற கொள்கைக்கு முரண் என்பது காரணம்.

கனடாவில் வேறு கதை. 2023 அக்டோபரில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மூன்று ஆண்டு விலக்கு அறிவித்தார்கள். அதனால் அதிகம் பயன்பட்டது கிழக்குக் கடலோர மாகாணங்கள். இயற்கை வாயு எரிக்கும் மற்ற மாகாணங்கள் அடுத்த நாளே "எங்களுக்கு?" என்று கேட்டன. ஒரு ஓட்டை போட்டால் அடுத்த ஓட்டைக்கு வரிசை நிற்கும்.

ஒரு விலக்குக்கு மட்டும் நல்ல காரணம் உண்டு: சமையல் கேஸ். சிலிண்டர் விலை ஏறினால் பென்னாகரம், அஞ்செட்டி மலைக்கிராமங்களில் சில வீடுகள் மறுபடி விறகடுப்புக்குப் போகும். புகை கூடும், காட்டில் விறகும் குறையும். அதையும் வரி விலக்காகத் தருவதைவிட வங்கிக் கணக்கில் மானியமாகத் தருவது சுத்தம்.

8. பிரான்ஸ்ல மஞ்சள் சட்டை போட்டு ரோட்ட மறிச்சாங்களே, அது கார்பன் வரிக்காகவா?

தொடக்கம் அதுதான். மேலே சொன்ன தோல்விக்குப் பின் பிரான்ஸ் 2014-ல் டன்னுக்கு 7 யூரோ என்று சிறிதாக, எரிபொருள் வரிக்குள்ளேயே வைத்துத் தொடங்கியது. 2018-ல் 44.60 யூரோ. 2019-ல் 55 ஆக்குவதாகத் திட்டம். உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் 2018-ல் ஏறியது. 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் அங்கியோடு சாலைக்கு வந்தார்கள். டிசம்பரில் உயர்வு கைவிடப்பட்டது.

அதே ஆண்டு பணக்காரர்களுக்கான சொத்து வரியை அரசு பெருமளவு நீக்கியிருந்தது. கார்பன் பணத்தில் பெரும்பகுதி பொது கஜானாவுக்குப் போனது. பஸ், ரயில் இல்லாத ஊர்க்காரர் வேலைக்குப் போக டீசல் காரைத்தான் நம்பியிருந்தார். தேன்கனிக்கோட்டைக்கு மேலே, பஸ்ஸைத் தவறவிட்டால் பைக்தான் கதி என்று இருக்கும் ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. வேறு வழி இல்லாதவருக்கு விலை ஏற்றம் என்பது வெறும் தண்டம்.

9. ஆஸ்திரேலியாவுல பெட்ரோலுக்கே போடலையாம், அப்பவும் ஏன் விழுந்துச்சு?

உண்மை. 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் என்று சில நூறு பெரிய நிறுவனங்களிடம் மட்டும் வாங்கினார்கள். சாதாரணக் கார் பெட்ரோலுக்கு இல்லை. ஈடாக, வருமான வரி இல்லாத வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 ஆக்கினார்கள். மின்துறையின் வெளியேற்றமும் குறைந்தது.

சிக்கல் வாக்குறுதி. 2010 தேர்தலுக்கு முன் பிரதமர் ஜூலியா கில்லார்ட், தன் தலைமையிலான அரசில் கார்பன் வரி இருக்காது என்று சொல்லியிருந்தார். சட்டம் வந்ததும் அந்த வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. மின்கம்பிச் செலவால் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த கரண்ட் பில் முழுவதும் கார்பன் வரி கணக்கில் எழுதப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் அதை வைத்தே 2013 தேர்தலில் வென்றார். 2014 ஜூலை 17 அன்று சட்டம் ரத்தானது. 2009-ல் இதற்கு முந்தைய திட்டம் செனட்டில் விழுந்தபோது, போதாது என்று பசுமைக் கட்சியும் எதிர்த்து ஓட்டுப் போட்டது தனிக்கதை.

10. அப்போ சுற்றுச்சூழல்காரங்களே எதிர்ப்பாங்களா? நம்பற மாதிரி இல்லையே.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைப் பாருங்கள். 2016-ல் வாக்கெடுப்புக்கு வந்த திட்டம், வசூலாகும் பணத்துக்கு ஈடாக விற்பனை வரியைக் குறைத்தது. பசுமைத் திட்டங்களுக்குப் பணம் இல்லை என்று சில சுற்றுச்சூழல் அமைப்புகளே எதிர்த்தன. சுமார் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2018-ல் தலைகீழாக, பணம் முழுவதும் பசுமைச் செலவுக்கு என்று எழுதினார்கள். இம்முறை எண்ணெய் நிறுவனங்கள் 3 கோடி டாலருக்கு மேல் செலவழித்து எதிர்த்தன. சுமார் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

எண்ணெய்ப் பணம் மட்டுமே காரணம் என்று முடித்துவிட முடியாது, ஏனென்றால் 2016-ல் அந்த அளவு பணம் இறங்கவில்லை.

11. டெல்லி போடலைன்னா போகட்டும், தமிழ்நாடு தனியா போடலாமே?

டீசல், பெட்ரோல் மீது மாநிலம் வாட் உயர்த்தலாம். மின் நுகர்வு மீதும் வரி போடலாம். நிலக்கரி ஜிஎஸ்டிக்குள் இருக்கிறது; அதில் மாநிலம் தனியாகக் கைவைக்க முடியாது. ஜிஎஸ்டி கவுன்சிலில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும், மொத்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசிடம். மத்திய அரசு செஸ்ஸாகப் போட்டால் அதை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை என்பதால் மாநிலங்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும். இந்தியாவில் ஒரு கார்பன் வரி முட்டி நிற்கக்கூடிய முதல் சுவர் இதுதான்.

டீசலில் மட்டும் தனியாகப் போட்டால் என்ன ஆகும்? ஓசூரிலிருந்து ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி பத்து கிலோமீட்டருக்குள். 400 லிட்டர் டேங்க் லாரி அந்தப் பக்கம் நிரப்பினால், 2-ஆம் கேள்வியின் கணக்குப்படி ஒரு நிரப்பலுக்கு 1,070 ரூபாய் மிச்சம். புகை அதேதான், வரி கர்நாடகத்துக்கு. நம் பக்கத்து எல்லையோர பெட்ரோல் பங்க்குகளின் விற்பனைதான் விழும்.

12. எங்க தோட்டத்து மோட்டாருக்கு கரண்ட் இலவசம். எங்களுக்கு இது ஒட்டவே ஒட்டாதே?

பில்லில் ஒட்டாது. 5 எச்பி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 5 யூனிட் இழுக்கும். நாலு மணி நேரம் ஓடினால் 20 யூனிட், 14 ரூபாய் கார்பன் வரி. ஆழ்துளைக் கிணற்றில் 10 எச்பி சப்மெர்சிபிள் இருந்தால் இரண்டு மடங்கு. அதை மின்வாரியத்துக்கு மாநில அரசு மானியமாகக் கட்டும். ஆக, மத்திய அரசுக்குப் போகும் வரியை மாநில கஜானா கட்டும். மோட்டாரோ முன்போலவே ஓடும்.

வரி என்பது விலை வழியாகச் செய்தி சொல்லும் கருவி. இலவச மின்சாரம், அரசு பிடித்துவைத்திருக்கும் கட்டணம் ஆகியவை அந்தச் செய்தியை நடுவழியில் நிறுத்திவிடும். விவசாயிக்கு மீட்டர் வைக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பழைய மோட்டாரை மாற்றவும் சோலார் பம்பு போடவும் நேரடியாக உதவுவது இந்த இடத்தில் வரியைவிட வேலை செய்யும்.

13. விலை ஏறினா மட்டும் ஜனங்க குறைச்சுக்குவாங்களா?

உடனே குறையாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008-ல் டன்னுக்கு 10 டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 5 கூட்டி 2012-ல் 30 ஆக்கியது. அந்த அளவுக்கு வருமான வரியைக் குறைத்தது. வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட வெளியேற்றம் 5 முதல் 15 சதவீதம் குறைந்ததாக ஆய்வுகள் கணிக்கின்றன. அங்கும் நுகர்வோர் வரி 2025 ஏப்ரலில் நீங்கியது. பலன் தந்தது என்பதற்காகவே ஒரு வரி பிழைத்துக்கொள்ளாது.

மறுபக்கத்தில், பெயருக்கு இருந்து எதையும் அசைக்காத வரிகளும் உண்டு. ஜப்பான் 2012-ல் கொண்டுவந்தது டன்னுக்கு 289 யென். யாரும் எதிர்க்கவில்லை, யாரும் மாறவும் இல்லை.

14. ஸ்வீடன்ல மட்டும் எப்படி நிலைச்சு நிக்குது?

1991-ல் டன்னுக்கு 250 குரோனர் போட்டபோதே வருமான வரியையும் பழைய எரிசக்தி வரியையும் வெட்டினார்கள். 3-ஆம் கேள்வியில் கேட்ட "வரி மேல வரி" புகாருக்கு அங்கே இடமில்லாமல் போனது. நகரங்களில் வீடுகளைச் சூடாக்கும் பொது வெப்பக் குழாய்கள் இருந்ததால், எண்ணெயை விட்டு மரக்கழிவுக்கு மாற வழி இருந்தது. தொழிற்சாலைகளுக்குக் குறைந்த விகிதம் கொடுத்து, பல ஆண்டுகளில் படிப்படியாக அந்தச் சலுகையை எடுத்தார்கள். இன்று விகிதம் 1,000 குரோனருக்கு மேல்.

15. ஐரோப்பாக்காரன் நம்ம ஓசூர் சரக்குக்கு கார்பன் வரி போடறானாமே?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு, உற்பத்தியின்போது வெளியான கரியமில வாயுவை வைத்துப் போடும் எல்லை வரி. 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து பணக் கடமை தொடங்கியது. இரும்பு போல்ட், நட், ஸ்க்ரூ பட்டியலில் உண்டு. வாகன உதிரிபாகம் என்ற சுங்கக் குறியீட்டில் போகும் பொருள்கள் 2026-இல் அமலான பட்டியலில் இல்லை. கிருஷ்ணகிரி மாங்கூழும் இல்லை. ஒரு இறக்குமதியாளர் ஆண்டுக்கு வாங்கும் பட்டியல் பொருள் 50 டன்னைத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் விலக்கு. இரண்டு கன்டெய்னர் போல்ட் போனாலே அந்த வரம்பை நெருங்கிவிடும்.

பணம் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லி அவர் நம்மிடம்தான் வருவார். இங்கே கட்டிய கார்பன் விலையை அங்கே கழித்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அதனால்தான் "அங்கே போகும் பணத்தை இங்கேயே வாங்கலாமே" என்ற வாதம் வலுத்திருக்கிறது. இந்தியா 2023-ல் அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டம் வரி இல்லை. ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு வெளியேற்றம் என்று இலக்கு வைத்து, மிஞ்சியவர் குறைத்தவரிடம் வரவு வாங்கும் ஏற்பாடு.

16. நாளைக்கே ஒரு சட்ட வரைவு வந்தா எந்தப் பக்கத்த முதல்ல படிக்கணும்?

வரி விகிதம் இருக்கும் முதல் பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசியில் இருக்கும் அட்டவணையைத் திறங்கள். விலக்குப் பட்டியல் அங்கேதான் இருக்கும். அதில் பெரிய ஆலைகள் இருந்து, உங்கள் டீசல் இல்லாமல் இருந்தால் 7-ஆம் கேள்வியில் வந்த பிரெஞ்சு வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அளவு எதில் என்று பாருங்கள்: விலையில் சதவீதமா, கரியமில வாயுவின் டன்னா? பிறகு பணம் போகும் கணக்கு. "தொகுப்பு நிதியில் சேர்க்கப்படும்" என்று மட்டும் இருந்தால் 4-ஆம் கேள்வியின் கதை திரும்பலாம். யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு என்று சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். விதிகளில் பிறகு சொல்வோம் என்பது போதாது.

விகிதம் ஆண்டுதோறும் தானாக ஏறுமா, ஏறினால் எண்ணெய் விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் நிறுத்திவைக்க ஏற்பாடு உண்டா என்பதையும் தேடுங்கள். 2018-ல் பிரான்சில் அப்படி ஒரு தடுப்பு இருக்கவில்லை.